பிக்கப்புக்கு ஒரு கூண்டு

நர்கிஸ் புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம், ஜூலை மழையில், நான்கு தாய்மார்கள் ஒன்றாகச் சேர்ந்து என் வாசலில் வந்து நின்றார்கள். பிக்கப்பின் கூண்டை மாற்று, இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளை வேறு வண்டியில் விடுகிறோம் என்றார்கள்.

நான் அப்போது ரங்கூன் ஓரத்துத் தின்கன்ஜூனில் இருந்து நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஃபெர்ரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஃபெர்ரி என்றால் ஆற்றில் போகிற படகு இல்லை. ரங்கூனில், ஒரே ஆட்களை மாதக்கணக்கில் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கொண்டுவருகிற எந்த வண்டிக்கும் ஃபெர்ரி என்றுதான் பெயர். என் வண்டியில் பதினொரு பிள்ளைகள். முன்னால் என் பக்கத்தில் இரண்டு பொடிசுகள், பின்னால் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஒருத்தி என் மகள், பதினொரு வயது. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் ஊலே, அதாவது மாமா.

பின்பக்கம் எல்லா ஃபெர்ரிகளுக்கும் இருப்பதுதான் எனக்கும் இருந்தது. வளைத்த இரும்புக் குழாய், அதன்மேல் தார்ப்பாய், இரண்டு பக்கமும் பலகை, பின்னால் குறுக்கே ஒரு சங்கிலி. அந்த வாரம்தான் வேறொரு வட்டாரத்து ஃபெர்ரியில், திருப்பத்தில், சிறுபிள்ளை ஒன்று சங்கிலிக்கு அடியில் வழுக்கி ரோட்டில் விழுந்து கை முறிந்திருந்தது. அந்தப் பிள்ளையின் மாவுக்கட்டு காய்வதற்குள் சேதி தின்கன்ஜூன் முழுக்கப் பரவிவிட்டது.

"அகோ, கோவிச்சுக்காதீங்க," என்றார் ஒரு பர்மாக்காரத் தாய், அண்ணன் முறை வைத்து. சந்தையில் துணிக்கடை வைத்திருந்தவர். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, இணைபிரியாத சிநேகிதம். "பின்னாடி கதவு இல்லாத வண்டியில என் பொண்ணை இனிமே ஏத்த மாட்டேன்."

கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று யாராவது சொன்னாலே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பன்னெண்டு வருஷமா ஓட்டுறேன், ஒரு பென்சில் கூட விழுந்ததில்ல," என்று கத்தினேன். அவர்கள் குடையை விரித்துக்கொண்டு போனார்கள்.

போனபிறகு வண்டிக்குப் பின்னால் போய் நின்று அந்தச் சங்கிலியைப் பார்த்தேன். துருப்பிடித்த சங்கிலி. அதற்கும் பலகைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் என் தோள் தாராளமாக நுழைந்தது. கூண்டு மாற்றத்தான் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

தன்லியின் பாலத்துக்குப் போகிற வழியில், ஜப்பானில் இருந்து வந்த பழைய வண்டிச் சாமான்களை அடுக்கி வைத்திருக்கும் ஒரு திறந்தவெளிக் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்து நானும் என் மனைவியும் போனோம். புல்லுக்கு நடுவில் கூண்டுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் கயிறு வைத்து அளந்து பார்த்தேன். சிலது நீளம் அதிகம், சிலது அகலம் பற்றாது. ஒன்றில் பிள்ளைகள் நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

கடைசியில் இரண்டு தேறின. ஒன்று இங்கேயே பட்டறையில் செய்த தகரக் கூண்டு. இரண்டு பக்கமும் பாதிக்குமேல் கம்பிவலை, பின்னால் வலை போட்ட இரட்டைக் கதவு, மழைக்கு மேலே இருந்து இறக்கிவிடப் படுதா. இன்னொன்று வெள்ளை வெளேரென்று ஃபைபர் கூண்டு. பக்கத்துக்கு ஒரு தள்ளு ஜன்னல், பின்னால் மேலே தூக்குகிற கண்ணாடிக் கதவு. கதவை ஒரு விரலால் தொட்டால் போதும், தானாக மெல்ல எழும்பி நின்றது. உள்ளே தலையை விட்டால் லேசாக நாய் வாசனை அடித்தது.

"ஜப்பான்காரன் இதுக்குள்ளே மெத்தை போட்டுத் தூங்குவான் சயா," என்றார் கடைக்காரர். பர்மாவில் சயா என்றால் ஐயா. "மலைக்குப் போவான், கடற்கரைக்குப் போவான், ராத்திரி இதுக்குள்ளேதான் படுப்பான். ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வராது."

மனிதன் படுத்துத் தூங்குகிற கூண்டு என்றால் பிள்ளைகள் உட்கார்ந்து போவதற்கு என்ன குறை என்று எனக்குத் தோன்றியது. தூங்குகிறவன் இன்ஜினை அணைத்துவிட்டுத்தானே தூங்குவான் என்று தோன்றவில்லை. கடைக்காரருக்கும் தோன்றவில்லை.

என் மனைவி தகரக் கூண்டுப் பக்கமே நின்றாள்.

"இந்தாங்க, இதை எடுத்துக்கலாம். வெளியில இருந்து பார்த்தா புள்ளைங்க முகம் தெரியுது."

"முகம் பார்க்கவா கூண்டு போடுறோம்? கோழி வண்டி மாதிரி இருக்கு."

"கோழியோ வாத்தோ, எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"உனக்குப் பிடிக்கிறது இருக்கட்டும். பள்ளிக்கூட வாசல்ல நான்தானே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தணும்? நாலு பேர் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிக்கட்டுமே."

"வாயை மூடிக்கிட்டு சும்மா வா!"

கடைக்காரருக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அவள் குடையைக் கீழே தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். வெள்ளைக் கூண்டைத்தான் எடுத்தோம்.

முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் மற்ற ஃபெர்ரிக்காரர்கள் வந்து கூண்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஜன்னலைத் தள்ளித் தள்ளி விளையாடினார்கள். துணிக்கடைத் தாய் தன் மகளை ஏற்றிவிட்டு, கதவை நான் மூடித் தாழ் போடுவதை நின்று பார்த்து, இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார். இனி எந்தப் பிள்ளையும் விழாது. கதவின் தாழ் வெளியில்தான் இருந்தது. நான் திறந்தால்தான் இறங்கமுடியும். அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒரே ஒரு குறை, மழையில் ஜன்னலை மூடினால் உள்ளே புழுங்கியது. அதற்கும் நானே வழி கண்டுபிடித்தேன். பின்கதவுக்கு ஒரு கொக்கி வாங்கி மாட்டினேன். கொக்கியைப் போட்டால் கதவு கீழே நான்கு விரற்கடை திறந்தபடி நிற்கும். காற்று வரும், பிள்ளை விழாது, மழையும் உள்ளே வராது. அந்தக் கொக்கியை நினைத்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

பிறகு ரமலான் பிறந்தது.

அந்த வருஷம் முப்பது நோன்பையும் பிடிப்பேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு முந்தின வருஷங்களில் பத்து, பதினைந்து என்று பிடித்திருந்தாள். மழைக்காலம்தானே, தாகம் தெரியாது என்று நாங்களும் விட்டுவிட்டோம். விடியலுக்கு முன் சாப்பிடுகிற சஹருக்கு நாங்கள் எழுப்புவதற்கு முன்னால் அவளே எழுந்து உட்கார்ந்திருப்பாள். சுவரில் கட்டம் போட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்தை நிறம் தீட்டினாள்.

மூன்றாம் நோன்பன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே சுருண்டு படுத்தாள். தலைவலி என்றாள். நோன்பு திறக்கும் மக்ரிபுக்கு எழுந்து, பள்ளிவாசலில் இருந்து வாங்கிவந்த நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை குடித்ததும் தெளிந்துவிட்டாள். நான்காம் நோன்பும் அப்படியே. ஐந்தாம் நோன்பன்று குமட்டியது. எல்லாம் கஞ்சி குடித்தால் சரியாகிவிடும்.

வேறென்ன நினைப்போம்? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முதல் வாரம் தலை வலிக்கும். வெறும்வயிறு, பித்தம் என்போம். சஹருக்கு முட்டை சேர்த்துக் கொடுத்தோம். தண்ணீரும் அதிகமாகக் குடிக்கச் சொன்னோம். என் மனைவி அவள் நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டு, "நாளைக்கு ஒரு நாள் விட்டுடும்மா, அல்லா கோவிச்சுக்க மாட்டான்," என்றாள். மகள் சுவரில் இருந்த கட்டங்களைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று தலையாட்டினாள்.

எனக்கும் ஒரு சந்தேகம் வராமல் இல்லை. அந்த வருஷங்களில் ரங்கூனில் பாதி வண்டிகள் பெட்ரோலை விட்டு காஸுக்கு மாறியிருந்தன. என் பிக்கப்பும் அப்படித்தான். காஸ் சிலிண்டர் பின்பக்கம், பிள்ளைகள் உட்காருகிற இடத்தில் முன்சுவரை ஒட்டிக் கிடக்கும். சிலிண்டர் கசிகிறதோ என்று சோப்பு நுரையைக் கரைத்து ஒவ்வொரு மூட்டிலும் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. வண்டியில் குறையே இல்லை என்று முடிவு கட்டினேன். காஸ் வண்டியின் புகை கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. அதனால் புகைக்குழாயைப் பற்றி நினைக்கவே இல்லை. துருப்பிடித்த அதன் வால் முந்தின வருஷம் வெட்டப்பட்டு, பின்கதவுக்கு நேர் கீழே, உள்ளடங்கி முடிந்திருந்தது.

இரண்டாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்ரிபுக்குப் பிறகு, கஞ்சிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே என் மனைவி சொன்னாள்.

"ஒண்ணு பார்த்தீங்களா? நேத்து சனி, இன்னைக்கு ஞாயிறு. ரெண்டு நாளும் நோன்புதான். தலைவலின்னு ஒரு வார்த்தை சொல்லல்ல. போன வாரமும் அப்படித்தான்."

"அப்போ என்னங்கிறே?"

"எனக்கென்ன தெரியும்? மனசுல பட்டுச்சு, சொன்னேன்."

அன்று காலை முழுக்க நான் காஸ் நிரப்ப வரிசையில் நின்றிருந்தேன். நோன்பு வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் வெயிலும் மழையும் மாறிமாறி. அந்த எரிச்சல் எல்லாம் அங்கே வந்து கொட்டியது.

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினேன். "பள்ளிக்கூடம் போகக் கசக்குது. லீவுன்னா ஆட்டம், பள்ளிக்கூடம்னா தலைவலி. நடிப்பு! நோன்பை வெச்சுக்கிட்டு நடிக்கிறா உன் மக! இன்னொரு தடவை தலைவலின்னு என் காதுல விழட்டும், நோன்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், முதுகுத்தோலை உரிச்சுடுறேன்!"

மகள் உள்ளறையில்தான் இருந்தாள். திரைச்சீலைக்குக் கீழே அவள் பாதங்கள் தெரிந்தன. அசையாமல் அப்படியே நின்றன.

அதற்குப் பிறகு அவள் தலைவலி என்று சொல்லவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். பார்த்தீர்களா, ஒரு சத்தம் போட்டதும் சரியாகிவிட்டது என்று மனைவியிடம் நானே சொன்னேன். அதைச் சொன்ன வாய் இதுதான்.

பத்தொன்பதாம் நோன்பன்று விடியலில் இருந்தே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பிள்ளைகளை ஒவ்வொரு வாசலாக ஏற்றினேன். துணிக்கடைத் தாயின் மகள் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் தின்ற வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து ஏறினாள். நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை, வண்டியிலும் எதையாவது மென்றுகொண்டே வரும். எல்லாரும் ஏறியதும் பக்கத்து ஜன்னல்களை மூடச் சொன்னேன், புத்தகம் நனையும். பின்கதவை இறக்கிக் கொக்கியைப் போட்டேன். அந்த நான்கு விரல் இடுக்குக்குப் பக்கத்தில் என் மகள் உட்கார்ந்தாள். சில நாட்களாக அந்த இடத்துக்குத்தான் அடித்துப் பிடித்து வந்து உட்காருவாள். காற்றுக்காக.

பாதி வழியில் ரோடு முழங்கால் தண்ணீராகிவிட்டது. முன்னால் ஒரு லைன் பஸ் தண்ணீரில் நின்றுபோய்விட, எங்களுக்கு முன்னும் பின்னும் வண்டிகள். நகர இடமில்லை. இன்ஜினை நான் அணைக்கவில்லை. தண்ணீரில் அணைத்தால் திரும்பப் பிடிக்காது என்பது எல்லா டிரைவருக்கும் தெரிந்த பாடம். உறுமவிட்டபடியே நின்றேன்.

பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். மழைச் சத்தத்தில் அரைகுறையாகக் கேட்டது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பாட்டு நின்றது. என் முதுகுப்பக்கத்துக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். அந்தக் கண்ணாடி வழியாக எனக்கு ஒன்றும் தெரியாது. சிலிண்டர்மேல் பைகளை அடுக்கி வைத்திருப்பார்கள், பைகள்தான் தெரியும். மறுபடி தட்டினார்கள். தட் தட் தட்.

"சும்மா இருங்க!" என்று கத்தி, நானும் கண்ணாடியில் முஷ்டியால் ஓங்கித் தட்டினேன். "வந்தேன்னா தெரியும்!"

தட்டுவது நின்றது. மணி பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, வாசலில் திட்டு வாங்க வேண்டும் என்ற கவலைதான் எனக்கு. பின்னால் சத்தமே இல்லை. அப்பாடா என்று இருந்தது.

பக்கத்தில் இருந்த பொடிசு ஒன்று சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி, பைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"ஊலே, எல்லாரும் தூங்குறாங்க."

"தூங்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஊலே, அந்த அக்கா தூங்கிக்கிட்டே வாந்தி எடுக்குது."

"எந்த அக்கா?"

"மொஹிங்கா சாப்பிட்ட அக்கா."

மகள் வாந்தி எடுத்திருந்தால் நோன்பு, பித்தம் என்று இருந்திருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஏறிய பிள்ளைக்கு என்ன பித்தம்? சனி, ஞாயிறு. சனி, ஞாயிறு. அந்த ஒரு நொடியில் எல்லாம் சேர்ந்து மண்டையில் இறங்கியது. கதவைத் திறந்து தண்ணீரில் குதித்தேன். கைலி காலில் சுற்றிக்கொண்டது. பின்பக்கம் போய்க் கொக்கியை எடுக்கப் பார்த்தால் சிக்கிக்கொண்டு வரவில்லை. நான் ஆசையாக மாட்டிய கொக்கி. அல்லாவே, அல்லாவே என்று அலறிக்கொண்டு கதவோடு பிடுங்கி இழுத்தேன்.

கதவு எழும்பியதும் என் மகள் என்மேல் சரிந்து விழுந்தாள். அந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். புகை ஏறி வந்ததே அந்த வழியாகத்தான். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன். தலை தொங்கியது.

உள்ளே இன்னும் எட்டுப் பிள்ளைகள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடத்தான் என் கால் துடித்தது. ஆனால் அந்த எட்டுப் பேரையும் அவர்கள் தாய்மார் என்னை நம்பித்தான் உள்ளே வைத்து மூடவிட்டிருந்தார்கள். ரோட்டின் நடுத்திட்டு தண்ணீருக்கு மேலே கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. அதில் மகளைக் கிடத்தினேன். கிடத்திவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு மறுபடி கூண்டுக்குள் ஏறினேன். அந்தத் திரும்பல் இருக்கிறதே, அதை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக இழுத்தேன். நின்றுபோன லைன் பஸ்ஸின் கண்டக்டரும் பயணிகளும் நான் போட்ட சத்தத்தில் ஓடிவந்துவிட்டார்கள். நான் இழுத்துக் கொடுக்க அவர்கள் வாங்கி வாங்கித் திட்டில் உட்கார வைத்தார்கள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். எட்டாவது பிள்ளையைக் கொடுத்துவிட்டு நானும் அங்கேயே குமட்டி உட்கார்ந்துவிட்டேன். தலை விண்விண்ணென்று தெறித்தது. அந்தத் தலைவலி எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மழைத்தண்ணீர் முகத்தில் அடிக்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக விழித்தார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள், சிலர் அம்மா அம்மா என்று அழுதார்கள். துணிக்கடைத் தாயின் மகள் கண்ணைத் திறந்து, தன் ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று தேம்பினாள். என் மகள் மட்டும் விழிக்கவில்லை. பஸ்ஸில் வந்த ஒரு பர்மாக்கார அம்மாள் அவளை மடியில் போட்டுக்கொண்டு, பாட்டிலில் இருந்து தண்ணீரை வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூச்சு இருக்கு, இருக்கு என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பின்னால் நின்ற லாரியின் டிரைவர் இறங்கிவந்து, என் வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். தண்ணீருக்குள் புகைக்குழாய் புடுபுடுவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குமிழியும் கதவு இருந்த இடத்துக்கு நேர் கீழே உடைந்தது.

"சயா, சாமான் ஏத்துற பெட்டி இது," என்றார். "சுத்தி மூடிட்டு இங்கே மட்டும் திறந்து வெச்சா, வண்டி விடுற மூச்சு பூரா உள்ளேதான் போகும். ஆளை ஏத்தலாமா இதுல?"

திட்டியிருந்தால் தேவலை. அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

எதிர்ப்பக்கம் வந்த ஒரு லைன் பஸ்ஸைக் கண்டக்டர் குறுக்கே நின்று மறித்து, அதில் இருந்தவர்களை இறக்கி, பிள்ளைகளை ஏற்றி, நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். பிக்கப்பை நடுரோட்டில் அப்படியே போட்டுவிட்டு, முன்சீட்டில் இருந்த இரண்டு பொடிசுகளையும் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். வழி முழுக்க மகளின் காதில் கத்திக்கொண்டே போனேன். எழுந்திரு, எழுந்திரு, அத்தா திட்டமாட்டேன், எழுந்திரு என்று.

ஆஸ்பத்திரியில் ஒன்பது பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். எட்டுப் பேர் மதியத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் மகளை மட்டும் தனிக்கட்டிலில் போட்டு டாக்டர்கள் மாறிமாறி வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு கால்மணி நேரம் போயிருந்தால் என்று ஒரு டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் எழுவாளா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

தாய்மார்கள் ஓடிவந்தார்கள். எல்லாரிடமும் நானே சொன்னேன், கூண்டுதான், கொக்கிதான், நான்தான் என்று. அடிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தலைவலி இருந்திருக்கிறது. ஒரு வீட்டில் கண் கோளாறு என்று கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் பூச்சி மருந்து. அவரவர் வீட்டுக்கு ஒரு காரணம், எங்கள் வீட்டுக்கு நோன்பு. துணிக்கடைத் தாய் மட்டும் சுவரோரம் உட்கார்ந்து, "கதவு கேட்டது நான்தானே, கதவு கேட்டது நான்தானே," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

என் மனைவி வந்ததும் கத்தவில்லை, அழவில்லை. கட்டிலில் கிடந்த மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சனி ஞாயிறு," என்றாள். மகளின் காலைத் தேய்த்துவிட உட்கார்ந்துவிட்டாள்.

அஸர் தொழுகை நேரம் தாண்டி, மாலையானபிறகு மகள் கண்ணைத் திறந்தாள். முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. கையைத் தூக்கி மூக்கில் இருந்த மூடியை நகர்த்தினாள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"அத்தா, எனக்குத் தண்ணி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கம்மா."

"அப்போ நோன்பு போச்சா?"

"போச்சும்மா. உன் மேல தப்பில்ல. அத்தாவாலதான் போச்சு."

அவள் அம்மா குனிந்து நெற்றியைத் தடவினாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணுமா?" என்று கேட்டாள் மகள்.

"வேண்டாம். வீட்டுலயே இரு."

"அப்போ நாளைக்கு வெக்கிறேன். வீட்டுல இருந்தா தலை வலிக்காது." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "வண்டியில ஏறினாத்தான் வலிக்கும். கதவை மூடினதும் வலிக்கும்."

"உனக்குத் தெரியுமா?" என்றேன். "முன்னாடியே தெரியுமா? ஏம்மா அத்தாகிட்ட சொல்லல்ல?"

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்பதுபோல இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"சொன்னா நீங்க கத்துவீங்கல்ல."

குறையாகச் சொல்லவில்லை. வெளியில் மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டில் இருந்த அத்தனை தாய்மார் முன்னாலும் நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவள் பயந்துபோனாள். எட்டி என் கையைத் தொட்டு, "நான் சொல்லியிருக்கணுமா அத்தா?" என்று கேட்டாள்.